எண்ணூற்றுப் பன்னிரண்டு ஒற்றைச் சுழல்கள்

ஒரு மேகம் செய்ய நாற்பது நொடி. அதைப் படம் பிடிக்க ஒரு நொடிகூட ஆகாது. பிடித்த கையோடு மேகம் காலி.

காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள் அணுக்களை நாலாபக்கமும் லேசரால் அடித்து அடக்கி, இதற்கு மேல் குளிரவே முடியாது என்ற எல்லையின் வாசல்வரை கொண்டுபோவதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. அங்கே போனதும் அத்தனை அணுக்களும் தனித்தனிப் பிழைப்பை விட்டுவிட்டு ஒரே உடம்பாகிவிடும், அதுதான் மேகம். அதை இன்னொரு லேசரால் கிண்டினால் சுழல்கள் பிறக்கும். படத்தில் அவை கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அடுத்த படம் வேண்டுமென்றால் முதலிலிருந்து இன்னொரு மேகம் செய்ய வேண்டும்.

இப்படி ஐயாயிரம் மேகங்களைத் தீர்த்துக்கட்டித்தான் ஆய்வு மாணவியான அவளும், தாடி என்று கூடத்தில் எல்லோரும் கூப்பிடும் சக ஆய்வாளனும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். குறிப்பிட்ட வேகத்தில் கிண்டினால் சுழல்கள் ஜோடி ஜோடியாகவே பிறக்கின்றன, ஒற்றையாக வருவதே இல்லை. ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதை நம்பித்தான் வேறொரு பல்கலைக்கழகம் தாடிக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவளைவிட எட்டு வயது மூத்தவன், ஆறு வருடமாகத் தற்காலிக வேலையிலேயே காலம் தள்ளுகிறவன். லேசர்கள் அவன் பொறுப்பு. அவற்றிடம் கெஞ்சுவான், கொஞ்சுவான், மசியாவிட்டால் காது கூசுகிற மாதிரி ஏசுவான். படங்களை அலசுவது அவள் பொறுப்பு. திரையை விட்டுக் கண்ணை எடுக்காததால் அவளுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

எல்லாப் படங்களையும், கழித்தவை உட்பட, அனுப்பி வைக்கும்படி ஆய்விதழ் கேட்டிருந்தது. திங்கட்கிழமை காலை அதற்காகத்தான் 'கெட்டவை' என்ற கோப்புறையை அவள் திறந்தாள்.

லேசர் தடுமாறினால் மேகம் அரைவேக்காடாக வரும். அந்தப் படங்களை ஒதுக்குவது எல்லாக் கூடத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கணினிதான் ஒதுக்க வேண்டும். அவள் ஆறு வாரம் கண்ணால் பார்த்தே ஒதுக்கியிருந்தாள். அம்மா இறந்த பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த ஆறு வாரம் அது. நல்லது, கெட்டது என்று விரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போனது. மனசு எங்கே இருந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கோப்புறையில் இருந்தவை கெட்ட படங்களே அல்ல. வட்டமான, நிறைவான மேகங்கள். ஒவ்வொன்றிலும் துணையில்லாமல் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஏதோ குறை என்று கைக்குத் தோன்றியிருக்கிறது, தள்ளிவிட்டிருக்கிறது. ஒற்றையை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, ஜோடியாகத்தான் வருகிறது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று.

அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கண்டுபிடிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மாவைக் கிடத்தியிருந்தபோதும் இப்படித்தான், வாய்விட்டு அழுதுவிடும்மா என்று யார் யாரோ தோளை உலுக்கினார்கள், மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இப்போது நினைத்தால் கோப்புறையை அழித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. அழிக்கவில்லை. அதற்காக அவளை நேர்மையின் சிகரம் என்று சொல்ல நான் தயாரில்லை. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

கூடத்தின் தலைவரான பேராசிரியர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறோம்னு நானே எழுதிடறேன். நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. உன் நிலைமை எங்களுக்குத் தெரியாதா?"

அம்மா போன இந்த நாலு மாதமாக எல்லோரும் அவளிடம் இந்தக் குரலில்தான் பேசுகிறார்கள். குழாயை மூட மறந்து வீடெல்லாம் தண்ணீர் தேங்கிய அன்றுகூட அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்து முடித்தார்.

தாடி லேசர் ஒளியைத் திருப்பும் ஆடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, சுழல் ஒத்தையாவும் வருது. நான்தான் அந்தப் படத்தையெல்லாம் கெட்டதுன்னு தள்ளிட்டேன்."

"எத்தனை?"

"எண்ணூத்திப் பன்னெண்டு. சார்கிட்டயும் சொல்லிட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்கறார்."

தாடி ஆடியைக் கீழே வைத்தான். அதுவரைக்கும்தான் பொறுமை.

"உனக்கு அறிவிருக்கா? கண்ணால பாத்து யாராவது பிரிப்பாங்களா? முதல் வருஷப் பசங்ககூட இதைச் செய்யமாட்டாங்க! முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? யாரு உன்னை வரச்சொன்னது? வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டேன். பொண்ணுங்களுக்கு அங்க ஸ்கூல்ல இடம் வாங்கிட்டேன். ஆறு வருஷம் ஆந்தை, ஆறு வருஷம்! மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். நாலு மாதத்தில் அவள் உடம்பில் வந்து பட்ட முதல் குரல் அது. தாடை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது, கண் நிறைந்து வழிந்தது.

தாடி சட்டென்று நிறுத்தினான். "ஏய்... அழாதேம்மா. ஏதோ கோவத்துல..."

"நிறுத்தாதீங்கண்ணா," என்றாள் அவள். "இன்னும் திட்டுங்க."

திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. தாடி கீழே வைத்த ஆடியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.