பிளாரன்ஸுக்குத் தேவைப்படாத மொழிபெயர்ப்பாளர்

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. ஏதாவது ஓர் எரிமலைத் தீவைப் பார்த்து, அதை எழுதி, பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிற இந்தப் பானுப்ரியாவை எந்த எரிமலை கூப்பிடப் போகிறது?

பிளாரன்ஸ் கூப்பிட்டாள். எங்கள் கம்பெனியில் இறால் உரிக்கிறவள், தெரஸ்புரத்துக்காரி. போன வருஷம் அவள் புருஷன் இனிகோ ஓட்டிப்போன படகு காற்றில் கவிழ்ந்தது. இனிகோ பிழைத்தான், கூடப் போன அவள் தம்பி ஜேசுபாதம் பிழைக்கவில்லை. யாரும் பழி சொல்ல வாய் திறக்குமுன்பே இனிகோ அட்லாண்டிக்கில் ஒரு தீவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். போனை எடுப்பதில்லை. நேரில் போகிறேன், இங்கிலீஷ் பேச நீங்களும் வாங்கக்கா என்றாள். துக்க முகம் வைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

2

தீவைப் பற்றி நான் எழுதிய முதல் வரிகள்:

‘கடலின் கன்னத்தில் கறுத்த கண்ணீர்த்துளியாக அந்தத் தீவு…’ (அடித்துவிட்டேன். விமானம் ஏறுமுன்பே எழுதியது.)

‘மரமற்ற மலைகளின் மௌனத்தில்…’ (எங்கே மௌனம்? ஐஸ் உடைக்கும் மெஷின் காதைப் பிளந்தது.)

இருந்தது இவ்வளவுதான்: கறுப்பு மலை, கறுப்பு மணல், பேருக்குக்கூட ஒரு புல் கிடையாது. மலையடியில் கொஞ்சம் படகுகள், டீசல் வாடை, மீன்குடலுக்குச் சண்டை போடும் பறவைகள். நான் எரிமலையின் வாயை வியந்துகொண்டிருந்தபோது, இங்கே குடிதண்ணீர் எப்படி வரும் என்று பிளாரன்ஸ் கேட்டாள். என் குறிப்புகளில் அதற்குப் பதில் இல்லை.

3

இனிகோ எனக்குச் சந்தேகமான பாத்திரம். என் வரைவில் அவனுக்குத் தாடியும் குழிவிழுந்த கண்களும் கொடுத்திருந்தேன். நேரில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் படகு ஓட்டுகிற வீல் ரூமுக்குள் ஓடி, உள்ளே பூட்டிக்கொண்டான். (நம்ப மாட்டீர்கள். நானாக எழுதியிருந்தால் இவ்வளவு மட்டமாக எழுதியிருக்க மாட்டேன்.)

படகுக் காவலாளியிடம் என் ஆங்கிலத்தைக் கட்டவிழ்த்தேன். அவருக்குப் போர்த்துகீசியம் மாதிரி ஏதோ ஒரு பாஷைதான் தெரியும். பிளாரன்ஸ் கதவைக் காட்டிக் கையைத் திருகி, “சாவி” என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டார்.

(அந்தச் சொல் போர்த்துகீசியரோடு நம் கரைக்கு வந்த வரலாற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். போயிற்று.)

கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று சொன்னாள்: “செத்தது என் தம்பி. கோவப்பட வேண்டியவ நான். ஒங்களை யாரு முந்திக்கிட்டு ஓடச் சொன்னா?”

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐஸ் மெஷின் சத்தத்தில் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

4

உள்ளே அவன் அவள் காலில் விழுந்து கதறினான் என்று எழுதலாம், பத்திரிகைக்குப் பிடிக்கும். அவள் அறைந்தாள் என்று எழுதலாம், எனக்குப் பிடிக்கும்.

நான் பார்த்தது கதவு திறந்த பிறகு நடந்ததை மட்டும்தான். இனிகோவின் கண்கள் சிவந்திருந்தன. தன் சோற்றையும் மீன்குழம்பையும் தட்டில் போட்டு அவளிடம் நீட்டினான். ஒரு வாய் தின்றுவிட்டு உப்பு இல்லை என்றாள். அவன் ஓடிப்போய் உப்பு வாங்கிவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் படகு கடலுக்குக் கிளம்பியது. அவனும் போனான்.

மறுநாள் எங்களுக்கு விமானம். பையை எடு என்றேன்.

“நீங்க போங்கக்கா. அவரு வரட்டும். நான் இன்னும் திட்டி முடிக்கலை.”

தனியாகத் திரும்பினேன். என் எரிமலையைப் பற்றி இதுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

5

அந்தப் படகு இந்நேரம் கரைக்கு வந்திருக்கும். இனிகோ இறங்கினானா, வழியில் வேறெங்காவது நழுவினானா, இருவரும் சேர்ந்து ஊருக்கு வருகிறார்களா என்பதெல்லாம் இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். பிளாரன்ஸை மட்டும் அழவைக்கப் பார்க்காதீர்கள். நான் ஒவ்வொரு வரைவிலும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அவள் மசியவில்லை.