ஜெயதாஸின் வாயில் விழுந்த வால்

காரோடு ஊர்க்காரன் ஜெயதாஸின் வாயில் ஜெர்மன் சொற்களின் வால் வந்து விழத் தொடங்கியது ஒரு கர்க்கடக மாதத்தில். அவன் ஜெர்மன் படிக்கவில்லை. படித்தது அவன் பெண்டாட்டி ஜோஸ்னா. நெய்யாற்றின்கரையில் செருப்புக்கடைக்கு மேலே நடக்கிற வகுப்பில் கீழ்ப்படிகளை எல்லாம் ஏறிமுடித்து, சி ஒன்று என்கிற மேல்படிக்கு வந்திருந்தாள். நர்ஸ் வேலைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் ஜெர்மனியில் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நினைவு தப்பிய கிழவர்கள். அவர்களோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் அங்கே மருந்து. அதனால் மேல்படிச் சான்று கேட்டார்கள்.

ஜெர்மன்காரர்கள் சில வினைச்சொல்லை ஒடித்துத்தான் பேசுவார்கள். தலையை முன்னால் வைத்துவிட்டு, வாலைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் போடுவார்கள். 'ரூஃபெ' என்று தொடங்கி, யாரை, எப்போது, எதற்கு என்பதெல்லாம் சொல்லித் தீர்த்து, கடைசியில் 'ஆன்' போட்டால்தான் போனில் கூப்பிடுகிறேன் என்று பொருள். வாக்கியம் நீள நீள வால் தூரமாகும். மேல்படியில் வாக்கியங்கள் ரொம்ப நீளம். அப்படித் தூரம் போன வால் ஒன்று வகுப்பையும் தாண்டி, அமரவிளையில் லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்த ஜெயதாஸின் வாயில் விழுந்தது.

எதைச் சொன்னாலும் 'ஆக்கும்' போட்டு முடிக்கிறவன் அவன். அன்றைக்கு, "பாத்துப் பிடி, ஒடையிய சாமானம் ஆன்" என்றான். கூடச் சுமடு எடுக்கிற பொன்னையன் அதை மலையாளத்து 'ஆணு' என்று எடுத்துக்கொண்டான்.

"எலே, தொடங்கியது தமிழில, முடிக்கியது மலையாளத்திலயா? எல்லைக்கல்லு ஒனக்க நாக்கிலயா கெடக்கு?"

இந்த எல்லைப் பக்கத்தில் அப்படிப் பேசாதவர் இல்லை. ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகொரு நாள் ஜெயதாஸ், "சாயா ஆறிப்போச்சு அவுஃப்" என்றபோதுதான் பொன்னையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான்.

வகுப்பில், வால் போன இடத்தில் ஜோஸ்னாவுக்கு வந்து உட்கார்ந்தது அவனுடைய 'ஆக்கும்'. லிஷா டீச்சர் முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள், பிறகு சும்மா இருந்துவிட்டாள். பேச்சுப் பரீட்சையில் ஜோஸ்னாவின் நீண்ட நல்ல வாக்கியங்கள் எல்லாம் 'ஆக்கும்' என்று முடிந்தன. தோற்றாள். அந்த நேரம் ஜெயதாஸ் லாரி மேலே நின்று ஏதோ கதை அடித்துக்கொண்டிருந்தானாம்.

விஷயம் பிடிபட்டது வீட்டில், மரச்சீனிக் கிழங்கு தின்னும்போது. அவள் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மென்றுகொண்டிருந்த வரைக்கும் வாக்கியங்கள் வாலோடு வந்தன. விழுங்கிவிட்டு அவன் வாயைத் திறந்ததும் வால் போயிற்று.

"இஞ்ச பாருங்க, நீங்க மிண்டாம இருந்தா நான் ஜெயிச்சிருவேன்" என்றாள்.

ஜெயித்தால் போய்விடுவாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

இன்னொரு தடவை எழுதலாம், அதற்கு மேல் இல்லம் காத்திருக்காது. திருவனந்தபுரத்தில் பரீட்சை. ஜெயதாஸ் பரீட்சைக் கட்டடத்துக்கு எதிரே சத்யபாமாவின் சாயாக்கடையில் உட்கார்ந்தான். துணைக்கு வந்த பொன்னையனுக்கு வாய் சும்மா இருக்குமா.

"அவ போயிட்டா நீ ஆருகிட்டலே வாயடிப்ப? ஒத்த வார்த்த போதும். மழ வருது ஆக்கும்னு சொல்லு. அவளும் ஒனக்க கூடயே கெடப்பா."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் ஜெயதாஸ் மாடி ஜன்னலைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பொன்னையன் பாதி எழுந்துவிட்டான். ஜெயதாஸ் திறந்த வாயில் சுடச்சுட எண்ணெயில் பொரித்த ஒரு வாழைக்காப்பத்தை முழுசாகத் திணித்தான்.

"அண்ணனுக்கு இன்னொண்ணு வைக்கட்டா?" என்றாள் சத்யபாமா. தலையை ஆட்டினான். ஜோஸ்னா படி இறங்கி வரும்வரை தின்றுகொண்டே இருந்தான். கண்ணில் வந்த தண்ணீருக்கு எண்ணெய்ச் சூடுதான் காரணம் என்று சத்யபாமா நினைத்துக்கொண்டாள்.

ஜோஸ்னா ஜெயித்தாள். போனாள். அந்த இல்லத்துக் கிழவர்கள் பெற்ற பிள்ளையின் பேரை மறந்தாலும், சூப் வேணும் ஆக்கும், குளிருது ஆக்கும் என்று தங்கள் பாஷையை இப்போது அவளைப் போலவே முடிக்கிறார்கள். பரீட்சை இல்லாததால் யாரும் திருத்துவதில்லை. அமரவிளைக்கு வால்கள் வருவதும் நிற்கவில்லை. காலையில் 'அவுஃப்' வந்தால், ஜோஸ்னா யாரையோ எழுப்பி உட்கார வைக்கிறாள் என்று லாரிக்காரர்களுக்கே தெரியும். 'ஆன்' வந்தால் பொன்னையன் எதுவும் கேட்காமல் அவன் தலைச்சுமையைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்வான். ஜெயதாஸ் சுமட்டுக்காரர்களின் நீலச்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரத்தில் அது அடிக்கும்.