மதில் விழும் இருமல்

திரையில் அண்ணன் பாடிக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. தலையில் அட்டைக் கிரீடம்.

பாடியே கோட்டை கட்டிய பழங்கதை மன்னன் வேஷம். ஒரு வரி பாடினால் மதிலில் ஒரு வரிசைக் கல் ஏறும். கதாநாயகன் காலம் தாண்டி ஸ்கூட்டரில் வந்து அரண்மனைக்குள் நிற்பான். புகை முகத்தில் அடிக்க, மன்னன் தும்முவான். மதில் சரியும். எழுதியிருந்தது அப்படித்தான். படப்பிடிப்பில் அண்ணன் தும்மவில்லை, இருமினான். நிற்காமல் இருமினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார்.

டப்பிங் பேசுமுன் அண்ணன் போய்விட்டான். நுரையீரல். அச்சாக அதே குரல் என்பதால் தம்பியை அழைத்திருந்தார்கள்.

வசனமும் பாட்டும் முடிந்தன. இருமல் மட்டும் மிச்சம்.

"இத வெட்டிடலாமே சார்," என்றான் தம்பி.

"இருமினாத்தானப்பா மதில் விழும். மதில் விழலன்னா படமே இல்ல," என்றார் இயக்குநர்.

"அண்ணி பாக்க வருவாங்க சார். வீட்டுல அவங்க கேட்ட இருமல் அது. தியேட்டரே சிரிக்கும். நடுவுல அவங்க உக்காந்திருப்பாங்க."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தும்மலாப் போட்டுடலாமா?"

"வாயசைவோட ஒட்டாது சார்," என்றார் ஒலிப்பதிவாளர்.

தம்பி மைக் முன்னால் நின்று இருமினான்.

"ராஜா இருமல் மாதிரி இல்லியேப்பா. ஜலதோஷம் பிடிச்ச குமாஸ்தா மாதிரி இருக்கு."

மறுபடி இருமினான். இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"வேண்டாம் சார். நான் இருமினா அது அவனக் கேலி பண்ற மாதிரி. ஷூட்டிங்ல எடுத்த சத்தம் இருக்கா?"

"இருக்கு. ஸ்கூட்டரும் சேந்து உறுமும்," என்றார் ஒலிப்பதிவாளர்.

"ஸ்கூட்டர் வர்ற சீன்தானே."

ஹெட்போனில் அண்ணன் இருமினான். பின்னால் சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள். எல்லாம் அடங்கும்போது, பாட்டிலும் வசனத்திலும் இல்லாத அண்ணனின் சின்னக் குரல்: "தண்ணி."

"எங்க வெட்டணும்?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"தண்ணி கேக்கறதுக்கு முன்னாடி."

வெளியே வந்து அண்ணிக்குப் போன் செய்தான்.

"அண்ணி, படத்துல ஒரு எடத்துல மட்டும் அவன் சத்தமே இருக்கு."

"என்ன பேசறாரு?"

"பேசல. இருமறான்."



"சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க அண்ணி."

"சரி, இருக்கட்டும். எனக்கும் ஒரு டிக்கெட் சொல்லி வை."