ராஜரத்தினம் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் எவனோ ஒருத்தன் என் பேரில் போன் நம்பர் வாங்கிவிட்டான். இங்கே மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருப் பக்கம் ஒரு போன் கடையில் போய்க் கேட்டால், "நீங்கதான் அவருன்னு என்ன சாட்சி?" என்கிறாள் கடைப் பெண். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து, அப்படி வார்த்தை வராமல் நின்ற ஒரு மனுஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் ஆரம்பம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. ஜப்பான் கொடியின் நிழலில் மலாக்கா நகரம்—'

(அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. காலம் மட்டும் அதுதான்.)

இரண்டாவது: காஜா பெராங் தெருத் தச்சர் ராஜரத்தினம் பிள்ளை அரிசி ரேஷன் கார்டு வாங்கப் போனபோது, அவர் பேரில் ஏற்கெனவே ஒருத்தன் வாங்கிப் போயிருந்தான்.

இது தேவலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் மலாக்கா செட்டி. பேர் தமிழ், கும்பிடும் சாமியும் நம்ம சாமி, வாயில் வருவது மட்டும் மலாய். அவர் தெருவே அப்படித்தான்.

3
அரிசி போடும் நாளன்று கார்டு எழுதும் கிராணி சேதுராமன், அந்தப் பேரில் வந்த இரண்டு பேரையும் மேசைமுன் நிறுத்தினார். "ஒருத்தர் பொய். பொய் சொன்னவர சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிடுவாங்க."

ஜப்பான்காரன் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை. தச்சருக்குப் புரிந்தது 'சயாம்' என்ற ஒரு வார்த்தைதான். பதிவேட்டில் தன் பேர்மேல் விரல் வைத்து, "இனி நாமா சாயா," என்றார்.

"இனி நாமளா? இனிமே கத வேணாம், இப்ப யாருன்னு சொல்லுங்க."

(மலாயில் 'இனி' என்றால் 'இது'. இது என் பேர் என்கிறார், பாவம். சேதுராமனுக்கு மலாய் நன்றாகவே தெரியும். பிள்ளை என்று பேர் இருந்தால் தமிழ்தான் வரும் என்று அவர் காது முடிவு கட்டிவிட்டது.)

மற்றவன் மடமடவென்று தமிழில் பேசினான். "ஐயா, நான்தான் ராஜரத்தினம். அப்பா பேரு பொன்னுதுரைப் பிள்ளை. காஜா பெராங்லயே பொறந்து வளந்தவன்."

சேதுராமனின் பேனா அவன் பக்கம் சாய்ந்தது.

4
(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மற்றவனுக்கு, வில்லன் என்று ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். அவன் ஏன் திருடினான் என்று யோசித்தேன். பேர் தியாகு. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சயாம் பட்டியலில் அவன் பேர் ஏறிவிட்டது. தப்பி ஓடிவந்து, இதே தச்சரிடம் இரண்டு மாதம் பலகை சுமந்தான். அங்கேதான் பேரைத் திருடினான். மீசையை எடுத்துவிட்டேன்.)

5
தச்சர் இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக மலாயில் சொன்னது, தமிழில் தருகிறேன்:

"கிராணி, எனக்குத் தமிழ் வராது. நான் காஜா பெராங்ல பொறந்தவன்கிறதுக்கு அதுதான் சாட்சி. என் பின்னால நிக்கிறவங்க எல்லாம் எங்க தெரு. தமிழ்ல கேட்டுப் பாருங்க."

"இதுல யாருய்யா ராஜரத்தினம் பிள்ளை?" என்று சேதுராமன் தமிழில் குரல் கொடுத்தார்.

வரிசையில் பன்னிரண்டு பேர். பேரெல்லாம் பிள்ளை, செட்டி என்றுதான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அரிசி போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒருவர் பையை நீட்டினார்.

அதே கேள்வியை மலாயில் கேட்டார். பன்னிரண்டு கையும் தச்சரைக் காட்டின.

அடேயப்பா, எழுதும்போதே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சேதுராமன் மற்றவன் வாங்கியிருந்த கார்டைக் கிழித்துப் புதியதை இரண்டு கையாலும் நீட்டினார். ராஜரத்தினம் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

6
"அப்போ இவன் யாரு?" என்றார் சேதுராமன்.

வெளியே சயாமுக்கு ஆள் ஏற்றும் ராணுவ லாரி நின்றது. இவன் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவன் என்று தச்சர் உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். தியாகு லாரியில்—

கிழித்துப் போட்டேன். ஜெயித்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

"என் பட்டறை ஆளு. பயத்துல என் பேரச் சொல்லிட்டான். இவனுக்கும் ஒரு கார்டு போடுங்க," என்றார் தச்சர்.

 சேதுராமன் இன்னொரு புதுக் கார்டு எடுத்தார். "பேரு?"

தியாகு என்று எழுத முடியாது, அது பட்டியலில் இருக்கிறது. திருடின பேரும் ஆகாது. யாராவது மனசார ஒரு பேர் கொடுத்தால்தான் உண்டு. பேனா மை தொட்டுக் காத்திருக்கிறது.

படிக்கிறவரே, உங்கள் பேர் என்ன?