கொள்ளாம் என்றாள் மங்கலம்

1952 ஐப்பசியில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டில், நிறைகுடம் ஒன்று இடுப்பிலிருந்து நழுவிக் கருங்கல் தரையில் விழுந்து சத்தமில்லாமல் நசுங்கியது. தண்ணீர் சிதறியது, குடம் உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது, ஒரு சிறு ஓசைகூட எழவில்லை. குடத்தைத் தவறவிட்ட மங்கலம் அதை எடுத்து விரலால் சுண்டினாள், மறுபடியும் சுண்டினாள், பிறகு தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். அந்த வாரம் கொப்பரை விலை ஏறியிருந்ததால் அக்கம்பக்கத்தாருக்குப் பேச வேறு விஷயம் இருந்தது.

மங்கலத்தின் புருஷன் பகவதிப்பெருமாளுக்குச் சாலையில் இரும்புக்கடை. அவருடைய அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து போட்ட கடை அது. கம்பியின் நுனியைப் பிடித்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே விரிசல் உண்டா என்று ஓசையை வைத்தே பெருமாள் சொல்லிவிடுவார். தன் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பகலெல்லாம் இரும்பு இறக்குகிற இரைச்சலில் கிடந்தவருக்கு வீட்டிலாவது சுத்தமான சங்கீதம் கேட்க ஆசை வந்ததில் தப்பில்லை. ஆனால் வீட்டில் மங்கலம் இருந்தாள். அடுக்களையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், தெருமுனை தாண்டிப் போய்விட்ட விழிஞ்ஞத்து மீன்காரி கூடையோடு திரும்பி வருவாள். அவள் நடந்தால் தரை அதிரும், பாத்திரம் கழுவினால் அடுத்த வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துகொள்வார்கள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டை அவள் ஒருத்தியே சத்தத்தால் நிறைத்து வைத்திருந்தாள். அது எத்தனை பெரிய உபகாரம் என்று அன்றைக்குப் பெருமாளுக்குத் தோன்றவில்லை.

1949இல், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக்கப்பட்ட வருஷம், கிராமபோன் பெட்டி வீட்டுக்கு வந்தது. வந்த மறுமாதமே அதைச் சீர்திருத்தும் வேலையும் தொடங்கிவிட்டது. இரும்பு ஊசி இசைத்தட்டைக் கீறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெருமாள் நாரத்தை முள்ளைக் காயவைத்துச் சீவி ஊசியாக மாட்டினார். தன் காது மட்டும் போதாது, இன்னொரு காதும் சாட்சி சொல்ல வேண்டும் என்று மங்கலத்தைப் பெட்டிக்கு முதுகுகாட்டி நாற்காலியில் உட்காரவைத்து, பழைய ஊசியில் ஒரு தடவையும் முள்ளில் ஒரு தடவையும் ஒரே கல்யாணி ராகப் பாட்டைப் போட்டார்.

“இப்பம் எப்படி இருக்கு?” என்றார்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “கொள்ளாம்” என்றாள் மங்கலம்.

இந்த ஊரில் தமிழர் வாயிலும் மலையாளிகள் வாயிலும் ஒன்றுபோலப் புழங்குகிற சொல் அது. நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அதையே சற்று இழுத்துக் கடைசியில் குரலை இறக்கிச் சொன்னால் ‘ரொம்ப லட்சணம்தான், போ’ என்று அர்த்தம். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். மங்கலம் இழுத்துத்தான் சொன்னாள். தட்டில் பாடகி மூச்சு வாங்குவதைக் கேட்கிற காது அதைக் கேட்காமல் விட்டுவிட்டது.

மறுநாள் மங்கலத்தின் வளையல்களில் ஓசை இல்லை. கையை வேகமாக ஆட்டிக் காட்டி, “பாத்தேளா, வளையலுக்குச் சத்தம் போச்சு” என்றாள். “நல்லதுதான், பிளேட்டு கேக்கும்போ இடைஞ்சல் இல்லல்லா” என்றார் பெருமாள். அடுத்த வருஷம், பெட்டி அதிர்கிறது, கீழே கனம் வேண்டும் என்று அடுக்களையிலிருந்து அம்மிக்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார். “அம்மிய எடுத்துட்டா தேங்கா எதுல அரைக்க?” என்று அவள் கேட்டதற்கு, “அடுத்தாப்புல ஓமனா வீட்டுல ஒண்ணு கெடக்குல்லா” என்று பதில் வந்தது. கல்லின்மேல் வைத்ததும் தம்பூராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. மங்கலம் கொள்ளாம் என்றாள். பாத்திரங்கள் ஊமையாயின. பிறகு மின்சாரத்தில் ஓடும் கிராமபோன் பெட்டி வந்தது, அதை வால்வு ரேடியோவில் இணைத்து, ஆளுயரத்துக்குப் பலாமரப் பெட்டி செய்து அதற்குள் ஒலிபெருக்கியை வைத்தார். பாட்டு பதிவான அறையில் மிருதங்கக்காரர் தொண்டையைச் செருமியதும், யாரோ தம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டன. பெருமாளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மங்கலத்தின் காலடியும் கதவும் கிணற்று ராட்டினமும் ஓய்ந்தன. குடம் விழுந்தது அந்தச் சமயத்தில்தான்.

மிச்சம் இருந்தது அவள் குரல். 1953இல், சுவர் எதிரொலிக்கிறது என்று சொல்லி அவளுடைய கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து ஆணியடித்துத் தொங்கவிட்டார். அன்று மங்கலத்தின் உதடு மட்டும் கொள்ளாம் என்று அசைந்தது. பெருமாள் அதைப் பார்த்துத் திருப்தியடைந்து, தட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். மனுஷன் இப்படியும் இருப்பானா என்று கேட்டால், இருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து, கொதிக்கிற கஞ்சி மங்கலத்தின் இரண்டு கால்களிலும் கொட்டியது. அவள் தரையில் கிடந்து அலறினாள். முன்னறையில் பெருமாள் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேலாகப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு ஓமனாதான் ஓடிவந்தாள். மங்கலத்தைத் தூக்கி உட்காரவைத்து, காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, முன்னறைக்கு வந்து தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினாள்.

“எந்தா அண்ணாச்சி இது? சேச்சி வாயத் தொறந்து அலறது மதிலுக்கு அந்தப்பக்கம் நிக்க எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியா?”

பெருமாள் பதறிப்போய், “எல்லாம் அவளைக் கேட்டுத்தான் செஞ்சேன். அவ கொள்ளாம்ணுதான் சொன்னா” என்றார்.

“அது அந்தக் கொள்ளாம் இல்ல. இத்தன வருஷமா மதிலுக்கு அப்புறம் நின்னு கேட்ட எனக்குப் புரிஞ்சுது, கேட்டோ.”

அன்றைக்கே பெருமாள் முள்ளை ஒடித்துப் போட்டார். பட்டுச்சேலையை இறக்கி மடித்தார், அம்மியை அடுக்களையில் கொண்டுபோய்ப் போட்டார், பலாப்பெட்டியைக் கடப்பாரையால் பிளந்தார். சாயங்காலத்துக்குள் வளையலும் பாத்திரமும் கதவும் சத்தம் போடத் தொடங்கின. புண் ஆறி மங்கலம் எழுந்து நடமாடின அன்று, தெருவில் போன மீன்காரி சட்டென்று நின்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மங்கலத்தின் குரல் வந்துவிட்டது என்று தெருவே சந்தோஷப்பட்டது. பெருமாள் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

வைத்தியர் காதைச் சோதித்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். அது உண்மைதான். மங்கலம் பக்கத்து அறையில் புரண்டு படுத்தால் பெருமாளுக்குக் கேட்டது. அவள் அழுதால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் பேச்சு மட்டும் கேட்கவில்லை. முதலில் தெருக்காரர்கள் அதிசயப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஓமனா மதிலருகே நின்று, “அண்ணாச்சி, உப்பு தீர்ந்துபோச்சாம்” என்று சொல்லுவாள், பெருமாள் வாங்கிவருவார். புருஷன் பெண்டாட்டிக்கிடையே அதற்குமேல் பேச்சு வேண்டியதில்லை என்பதுபோல இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் அவர் அவள் முன்னால் உட்கார்ந்து, “ஒரு வார்த்தை, என்னத்தையாவது சொல்லு” என்று கெஞ்சினார். அவள் சொன்னாள். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1956இல் ஓமனாவின் புருஷனுக்கு மாற்றலாகி அவர்கள் கொல்லத்துக்குப் போனார்கள். ஐப்பசியில், தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து நாகர்கோவில் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்வதற்குச் சில நாள் முன்பு, மங்கலம் அங்கிருந்த அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். பெருமாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போனார். பஸ் படியில் ஏறி நின்று, அவள் அவரைப் பார்த்து நெடுநேரம் பேசினாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு பெண்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மங்கலம் முடிக்கும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை. வந்து கூட்டிப் போகச் சொன்னாளா, இனி வரவே வேண்டாம் என்றாளா என்று பெருமாளுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, எல்லாம் கேட்டவர்போலத் தலையாட்டினார். பஸ் புறப்பட்டது.

சாயங்காலம் அதே பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே காத்திருந்தார். கண்டக்டர் இறங்கியதும் கிட்டே போனார், வாய் திறந்தார். வழியில் மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றான் கண்டக்டர். அவர் வீட்டுக்கு நடந்தார்.