ஒன்பது மணி நேரக் கரண்ட்

கல்கத்தாவில் லோட்ஷெட்டிங்கை, அந்த ஓயாத மின்வெட்டை, திட்டாத வாய் கிடையாது. சிவராமகிருஷ்ணனும் திட்டினார். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அதுதான் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

பாகீரதிக்குத் தெரியும். டாக்குரியாவில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில், அவர் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சோதிப்பது அவள் வேலை. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அவளுக்கு ஏக சந்தோஷம். இப்போது அகப்பட்டது கொழுத்த ஓட்டை. மெஷினைப் போட்டதிலிருந்து ஓடும் விநாடிகளை எண்ணி வைக்க அவர் ஒதுக்கிய இடம் ரொம்பச் சிறியது. ஒன்பது மணி நேரத்தில் நிரம்பிவிடும். அடுத்த விநாடி எண் வழிந்து மைனஸில் போய் விழும். மெஷின் திகைத்து நின்றுவிடும். ஆனால் ஒன்பது மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் எங்கே இருந்தது? அது போய் வரும்போதெல்லாம் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

அவள் எண்ணைக் கையால் நிரம்பும் ஓரம்வரை நகர்த்தி வைத்து, மெஷின் நிற்பதை அவருக்குக் காட்டினாள்.

“கையால நகர்த்தினா செல்லாது. தானா ஓடி நிக்கட்டும், ஒத்துக்கறேன்,” என்றார் அவர். “மூணு மாசத்துல ஒரு தடவையாவது நின்னுதோ? பம்பாய்க்குப் போற மெஷின். ரிப்போர்ட்ல கையெழுத்தைப் போடு. முடியாதுன்னா துர்கா பூஜைக்கப்புறம் டைப்பிங் செக்‌ஷன்ல போய் உக்காரு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பம்பாயில் கரண்ட் போகாது. அங்கே மெஷின் நின்றால் சந்தி சிரிக்கப்போவது அவள் கையெழுத்து.

வாங்குமுன் மெஷினைப் பார்க்க பம்பாய் அதிகாரி வைத்தீஸ்வரன் வருவதாக இருந்தது. “பூஜை ஆரம்பிக்கற சஷ்டியன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன்,” என்றார் சிவராமகிருஷ்ணன், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி. “பந்தல் லைட்டுக்காக அன்னிக்குக் கரண்டைத் தொடமாட்டான். டெமோ நடுவுல அணையாது.”

“ரொம்ப நல்ல யோசனை சார்,” என்றாள் பாகீரதி, மனசார.

சஷ்டியன்று காலை ஏழரைக்கே வந்து மெஷினைப் போட்டாள். பகல் முழுக்க சுவிட்ச் பக்கம் ஈ காக்கையை அண்டவிடவில்லை. நாலு மணிக்கு வைத்தீஸ்வரன் வந்ததும் சிவராமகிருஷ்ணன் டெமோவை ஆரம்பித்தார். அவர் பேச்சு முடியப் பார்த்தபோதெல்லாம் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். டீயும் சந்தேஷ் இனிப்பும் வரவழைத்தாள்.

நாலரை தாண்டியதும் திடீரென்று, திரை மூலையில் ஓடிக்கொண்டிருந்த விநாடி எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் முளைத்தது. பிரிண்டர் பாதி வரியில் நின்றது.

“மைனஸா?” என்றார் வைத்தீஸ்வரன். “இன்னும் ஸ்விட்சே போடலைங்கறதா உங்க மெஷின்?”

“ஒண்ணுமில்லை சார், லோட்ஷெட்டிங்,” என்றார் சிவராமகிருஷ்ணன், பழக்கதோஷத்தில்.

தலைக்கு மேலே ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள்.

வைத்தீஸ்வரன் ரிப்போர்ட்டைப் புரட்டினார். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. “இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டப்புறம் அனுப்புங்கோ,” என்று எழுந்தார். பாகீரதிக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

லீவுக்குப் புரி போக வாங்கிய ரயில் டிக்கெட்டைக் கான்சல் செய்துவிட்டு, பூஜை முழுக்க உட்கார்ந்து சிவராமகிருஷ்ணன் ஓட்டையை அடைத்தார். பந்தல்களைப் பிரித்த பிறகு சோதனை நடந்தது. காலையில் போட்ட மெஷின் சாயங்காலம் வரை அழகாக ஓடியது. ஒன்பது மணி நேரம் ஆக இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. ஃபேன் நின்றது.

சிவராமகிருஷ்ணன் திட்டிய திட்டு தெருமுனைவரை கேட்டது. அப்புறம் இருட்டில் அவர் குரல் தணிந்து வந்தது.

“பாகீரதி, கரண்ட் வந்ததும் எண்ணைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தி வெச்சுப் பாத்துடலாமா?”

பாகீரதி நிதானமாக ஒரு மெழுகுவத்தியை ஏற்றி அவர் மேஜையில் வைத்தாள்.

“கையால நகர்த்தினா செல்லாதுன்னு நீங்கதானே சார் சொன்னேள்?”