ரூலஃப் கொண்டாடாத கோல்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம், எங்கள் ஹார்ஸ்வால்டே கால்பந்து கிளப்பின் கேன்டீன். என் மகள் அங்கே ஆடுகிறாள். அதனால் கேன்டீன் எண்ணெய்ச் சட்டியில் பலகாரம் பொரிக்கிற முறை எனக்கும் வரும். உறுப்பினர் வீட்டில் யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. நாடு நாடாகக் கோல் அடித்துவிட்டு ஊர் திரும்பிய எங்களூர் ஆட்டக்காரன் ரூலஃபே தப்பவில்லை. வந்த முதல் சனிக்கிழமையே கேன்டீன் பொறுப்பாளர் ட்ரைன் அவனைச் சட்டி முன்னால் நிறுத்திவிட்டாள்.

"மெக்சிகோல உனக்கு சிலை வெச்சாங்களாமே?"

"சிலை இல்ல. சுவத்துல படம் வரைஞ்சாங்க."

"சரி சரி, அந்தக் கையால இந்தக் கறி உருண்டைங்களத் திருப்பு. கருகுது."

2

முதல் வரி, முதல் முயற்சி: 'பந்து வலையைத் தொட்ட அதே விநாடி, இஸ்தான்புல் அரங்கின் விளக்குகள் அத்தனையும்—'

வேண்டாம். நான் வழக்கமாக எழுதுகிற மர்மக் கதைகளில் விளக்கு அணைந்தால் பிணம் விழுந்தாக வேண்டும். பிணத்துக்கு நான் எங்கே போவேன்?

இரண்டாவது: 'ரூலஃபின் கண்களில் ஆழ்ந்த சோகம்—'

அதுவும் பொய். சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு போகிற ஆள் அவன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் ஆட்டக்காரன் கொண்டாட மாட்டான். கையைத் தாழ்த்தி மரியாதை காட்டுவான். ஒரு கிளப், இரண்டு கிளப் மாறியவனுக்கு இது சுலபம். ரூலஃப் ஸ்வீடன், சைப்ரஸ், கொரியா, மெக்சிகோ என்று சுற்றியவன். துருக்கிக்குள்ளேயே மூன்று கிளப் மாறியவன். எதிரே நிற்பது எப்போதும் யாரோ பழைய சிநேகிதர்கள். தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் யாருக்கு எதிராக அடித்தாலும் கை தானாகவே தாழ்ந்துவிட்டது.*

(* மொத்தம் எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். அவனுக்கே ஞாபகமில்லை. எந்த ஊரில் காபி நன்றாயிருந்தது என்பது மட்டும் சரியாக ஞாபகமிருக்கிறது.)

3

அவன் மகள் ஃபென்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பதினேழு வயது.

"ஊர் ஊரா பள்ளிக்கூடம் மாத்துனேன். எதுக்கு? நீ கோல் போட்டுட்டு எழவு வீட்டுக்குப் போய்ட்டு வர்ற மாதிரி நடக்கறதப் பாக்கவா?"

"மரியாதைம்மா அது."

"எனக்காக ஒரே ஒரு தடவை மரியாதை இல்லாம நடந்துக்கப்பா. குதி. சறுக்கு. சட்டையக் கழட்டிச் சுத்து."

"சட்டை வேணாம். தொப்பை."

"சரி, சறுக்கு. சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்தாயிற்று. எங்கள் கிளப்புக்காக அவன் ஆட மிச்சமிருந்தது ஒரே ஆட்டம்; அதோடு அவன் ஓய்வு. எதிரணி, கால்வாய்க்கு அக்கரையிலுள்ள டீப்ஹோர்ன்.

[இந்த இடத்தில் அவன் முழங்காலில் ஒரு மர்ம வலியை வைக்கலாமா என்று யோசித்தேன். பழக்கதோஷம். விட்டுவிட்டேன்.]

வலியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தானாகவே இருந்தது. ரூலஃப் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் கேன்டீனில் ஆறிப்போன காபி கொடுத்தார்கள் என்று அவன் அப்பா சண்டை போட்டு, அவனை டீப்ஹோர்னில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஒரே வருஷம்தான். இருந்தாலும் கணக்குக் கணக்குதானே? அதுவும் பழைய கிளப்!

4

மழை. இரு பக்கமும் சமம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி. ரூலஃப் பந்தை வைத்தான். வேலியோரம் ஃபென்னா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

டீப்ஹோர்ன் கோல்கீப்பர் ஹார்ம், அந்த ஒரு வருஷத்துச் சிநேகிதன். இப்போது குழாய் ரிப்பேர் வேலை. நிதானமாக முன்னால் நடந்து வந்தான்.

"சறுக்கறேன்னு பொண்ணுக்குச் சத்தியம் பண்ணியாமே? ஊரே பேசுது."

"உங்களுக்கு எதிரா எப்படிடா? நீங்க என் பழைய கிளப்."

"அட மடையா! நாளைக்கு நம்ம ரெண்டு கிளப்பையும் ஒண்ணா சேக்கறாங்க, மறந்துட்டியா? உங்க ஸ்கோர் போர்டக்கூட காலையிலயே கழட்டிட்டுப் போய்ட்டாங்க. இனிமே எது பழசு, எது புதுசு? கொண்டாடுனா என்னையும் சேத்துக் கொண்டாடு. சீக்கிரம் அடி, குளுருது."

ரூலஃப் ஃபென்னாவைத் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்தான். உதைத்தான்.

5

முடிவு ஒன்று: பந்து வலது மூலையில்—

முடிவு இரண்டு: ஹார்மின் விரல் நுனி—

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை; அவர்கள் பேசியதுகூட ஹார்ம் பிறகு சொன்னதுதான். அன்று என் சட்டி முறை; ஆவியில் கேன்டீன் ஜன்னல் முழுக்க மூடியிருந்தது. கூச்சல் மட்டும் கேட்டது, இரண்டு ஊர்க் கூச்சலும். துடைத்துப் பார்த்தால், ரூலஃப் வயிற்றால் சேற்றில் சறுக்கிக்கொண்டு வேலிவரைக்கும் போகிறான், பின்னாலேயே ஹார்மும். ஃபென்னா கைப்பேசியைச் சேற்றில் போட்டுவிட்டு, வேலி தாண்டிக் குதித்து, "அப்பா! அப்பா!" என்று அவன் மேலே விழுகிறாள்.

எங்களூர்க்காரர்கள் கோல் என்றார்கள். அக்கரைக்காரர்கள், ஹார்ம் தடுத்தான் என்றார்கள். ஃபென்னாவின் கைப்பேசியோ சேறு குடித்துச் செத்துப்போயிருந்தது. நடுவரிடம் போனேன். உருண்டையைக் கடுகு விழுதில் தோய்த்துக்கொண்டே, "எல்லாம் ஒரே கிளப்தானே, விடுங்க" என்றார்.

கடைசியில் ரூலஃபையே பிடித்தேன்.

"பந்து உள்ள போச்சா இல்லையா?"

"பந்தா?" காதிலிருந்த சேற்றை வழித்தான். "ட்ரைன், சூடா உருண்டை இருக்கா? மூணு பேருக்கு."

ஆகவே பந்தை உங்களிடம் விடுகிறேன். உள்ளே வையுங்கள், வெளியே வையுங்கள், உங்கள் இஷ்டம். அந்தச் சறுக்கலில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஃபென்னாவுடையது.